கான்ட்ராஸ்ட் பெயிண்ட்: எந்தப் படைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேசைப் போர் விளையாட்டுக்கான மினியேச்சர்கள் (சிறு உருவ பொம்மைகள்) அடங்கிய ஒரு முழுப் படையை நியாயமான நேரத்துக்குள் வண்ணம் தீட்டி ஆட்ட மேசைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் சிட்டடெல் கான்ட்ராஸ்ட் வரிசை வாங்கத் தகுந்தது. ஆனால் வாங்குவதற்கு முன் பெயிண்டின் நிறத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் மினியேச்சரின் மேற்பரப்பைப் பாருங்கள். ரோமம், எலும்பு, சுருக்கம் விழுந்த துணி, தசை, செதில், மரப்பட்டை இதெல்லாம் நிறைந்த படை என்றால் தாராளமாக வாங்கலாம். பெரிய தட்டையான கவசத் தகடுகளும் டாங்கிகளும் நிறைந்த படை என்றால் இதை முதன்மைப் பெயிண்டாக வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வரிசையைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

இந்த வரிசை 2019 ஜூனில் 34 நிறங்களோடு வெளிவந்தது. 2022இல் மேலும் 25 நிறங்கள் சேர்ந்தன. டப்பா 18 மி.லி. இதன் வேலை எளிமையானது. நிறமி ஒளி ஊடுருவும் ஒரு கெட்டியான திரவத்தில் கலந்திருக்கிறது. பூசியதும் அது மேடான இடங்களிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டில் படலம் மெல்லியதாக இருப்பதால் அடியிலுள்ள பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) தெரிந்து வெளிச்சமாகிறது. பள்ளத்தில் படலம் தடிப்பதால் நிழலாகிறது. பழைய முறையில் அடிநிறம், ஷேட் (பள்ளத்துக்கான நிழல் பெயிண்ட்), லேயர் (மேல்நிறம்), விளிம்பு வெளிச்சம் என நாலு கட்டத்தில் செய்ததை இது ஒரே பூச்சில் கிட்டத்தட்ட செய்துவிடுகிறது. பெயிண்ட் தானாக வழிந்து சேர மேடும் பள்ளமும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எங்கே தேங்குவது என்று அதற்கே தெரியாது. கண்ட இடத்தில் திட்டுத்திட்டாகக் காயும். குறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் பிறக்கின்றன.

மீதியில் பெரும்பகுதி பிரைமரிலிருந்து வருகிறது. ஒளி ஊடுருவும் பெயிண்ட் என்பதால் பிரைமர்தான் உங்கள் வெளிச்ச நிறம். சிட்டடெல் இதற்கென்றே இரண்டு ஸ்பிரே விற்கிறது: ரெய்த்போன், வெதுவெதுப்பான தந்த நிறம், கிரே சீர், குளிர்ச்சியான வெளிர் சாம்பல். சிவப்பு, மஞ்சள், பழுப்பு, தோல், எலும்பு எல்லாம் ரெய்த்போன் மேல் உயிரோடு இருக்கும். நீலம், ஊதா, குளிர்ந்த பச்சை, வெள்ளை ஆகியவை கிரே சீர் மேல் சுத்தமாக விழும். கிரே சீர் மேல் மஞ்சள் பூசினால் அழுக்கேறியது போலத் தெரியும். படையில் இரண்டு வகை நிறங்களும் இருந்தால், அதிகப் பரப்பை மூடும் நிறத்துக்கு ஏற்ற பிரைமரைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டு நிறங்களும் பிரஷ்ஷால் பூசும் டப்பாவாகவும் கிடைக்கின்றன. பிசகு திருத்த அந்த டப்பா கட்டாயம் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறோம்.

வேறு பிரைமர் போடக் கூடாதா என்று பலரும் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் சொரசொரப்பான, நிறைய உறிஞ்சும் மேட் (பளபளப்பில்லாத) பிரைமர் மேல் கான்ட்ராஸ்ட் வழியாமல் விழுந்த இடத்திலேயே கறையாக ஊறிவிடும். சிட்டடெலின் இரண்டு ஸ்பிரேயும் சற்று வழவழப்பாகக் காய்வதால்தான் பெயிண்ட் நகர்கிறது. கையில் இருப்பது மலிவான மேட் வெள்ளை ஸ்பிரே என்றால், அதன் மேல் ஒரு மெல்லிய சாட்டின் (அரைப் பளபளப்பு) அல்லது கிளாஸ் (முழுப் பளபளப்பு) வார்னிஷ் அடித்துக் காயவிட்டால் நிலைமை நன்றாகவே தேறும்.

ஸ்பிரே அடிப்பதில் செய்யும் தவறுகளை கான்ட்ராஸ்ட் மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் முழுதாக 2 நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி உருவத்துக்கு வெளியே முடியும்படி சிறு சிறு வீச்சுகளாக அடியுங்கள். தூரம் கூடினாலோ காற்று சூடாக இருந்தாலோ, துளிகள் உருவத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்து மணல் தூவியது போல் படியும். அந்த மணல் ஒவ்வொன்றையும் சுற்றி கான்ட்ராஸ்ட் தேங்கி, முகம் முழுக்க அம்மைத் தழும்பு போல நிற்கும். அப்படி ஆகிவிட்டால் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்து ஓரளவு சரிசெய்யலாம். மோசமாக இருந்தால் பெயிண்டைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பதே வழி. உருவங்களைப் படுக்கவைத்து அடிப்பக்கமும் ஒரு வீச்சு அடித்துவிடுங்கள். மேலங்கிக்குள் பிளாஸ்டிக் தெரிந்தால் அங்கே பெயிண்ட் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டு நிற்கும்.

பிரைமருக்கும் முந்தைய கட்டம் ஒன்று இருக்கிறது. அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுப்பது, கை பொருத்திய இடுக்குகளை கிரீன் ஸ்டஃப் அல்லது மில்லிபுட் என்ற அடைப்பு மாவு வைத்து அடைப்பது. சாதாரண பெயிண்டில் ஓர் அச்சுக் கோடு இரண்டு பூச்சில் ஓரளவு அமுங்கிப்போகும். கான்ட்ராஸ்ட் அந்தக் கோட்டின் இரு பக்கமும் தேங்கி, மையால் வரைந்தது போல எடுத்துக்காட்டும். தோளைச் சுற்றிய இடுக்கும் அப்படியே. விரைவாக முடிக்கலாம் என்று இந்த வரிசையை வாங்குபவர்கள்தான் இந்தக் கட்டத்தைத் தாவிவிடுகிறார்கள். அது தவறான இடத்தில் மிச்சம் பிடிப்பது. ரெசின் உருவம் என்றால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, அச்சில் தடவிய எண்ணெயைப் போக்கிய பிறகே பிரைமர்.

கருப்பு பிரைமர் அடித்து, அதன் மேல் சாம்பலை அழுத்தமாக டிரைபிரஷ் செய்து (ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தடவி), மேல்முனைகளில் வெள்ளையை மெல்ல டிரைபிரஷ் செய்து, பிறகு கான்ட்ராஸ்ட் பூசும் முறைக்கு ஸ்லாப்சாப் என்று பெயர். நிழல் ஏற்கெனவே இருப்பதால் தட்டைப் பரப்புகூட ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ஆனால் எல்லா நிறமும் ஒரு படி இருண்டுவிடும். மஞ்சளும் வெளிர் தோலும் இந்த முறையில் சாம்பல் பூத்துப்போகும். இருண்ட தொனியுள்ள படைக்கு இது அருமை, பளிச்சென்ற படைக்கு வேண்டாம்.

இனி பூசும் விதம். டப்பாவை வெறுமனே நாலு தடவை ஆட்டினால் போதாது. நிறமி அடியில் இறங்கி, மேலே வெறும் திரவம் மிதக்கும். பல்குச்சியால் அடிவரை கிளறி, பிறகு நன்றாகக் குலுக்குங்கள். கிளறாமல் எடுத்த முதல் பத்து உருவம் வெளிறியும், அடியிலிருந்து எடுத்த கடைசிப் பத்து கறுத்தும் நிற்கும் படைகள் நிறைய உண்டு. வயிறு பெருத்த 2ஆம் எண் வட்டப் பிரஷ் போதும், சிந்தெட்டிக் ஆனாலும் பரவாயில்லை. பிரஷ்ஷில் பாதியளவு ஏற்றி, ஒரு பகுதியை விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே மூச்சில் நனைத்துவிடுங்கள். மேலங்கியைப் பாதி பூசி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால், நிறுத்திய இடத்தில் கோடு விழும். அது பிறகு போகாது.

நனைத்த அடுத்த அரை நிமிடம்தான் முக்கியம். பெயிண்ட் அளவுக்கு மீறித் தேங்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா உருவத்திலும் ஒன்றுதான்: மேலங்கியின் கீழ்விளிம்பு, முழங்காலின் பின்மடிப்பு, தாடைக்குக் கீழே, தோள்பட்டையின் வளையம், கால் அடித்தட்டைத் தொடும் இடம். சுத்தமான நீரில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றிய இன்னொரு பிரஷ்ஷை அங்கே வைத்தால் மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு பிரஷ்ஷையும் ஒரே கையில் விரல்களுக்கிடையே வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகுவது இந்தப் பெயிண்டில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே கைப்பழக்கம். ஓரிரு நிமிடத்தில் பெயிண்டின் மேலே பாலாடை போல ஆடை கட்டத் தொடங்கும். அதன் பிறகு குறை தெரிந்தாலும் தொடாதீர்கள். ஆடை கிழிந்து, நடுவே வெளுத்து, ஓரத்தில் கறுத்த வளையம் விழும். முழுக்கக் காயவிட்டு அப்புறம் திருத்துவதே நல்லது. அரை மணி நேரத்தில் தொடலாம். ஆழமான மடிப்புகளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். ஹேர் டிரையரைச் சூடாக வைத்து ஊதினால் தேங்க வேண்டிய பெயிண்ட் காற்றோடு நகர்ந்து தப்பான பக்கத்தில் காயும்.

நீர் ஊற்றி நீர்க்கச் செய்வது அடுத்த பொதுத் தவறு. நீர் கூடினால் திரவத்தின் பிடிப்பு உடைந்து, காயும்போது விளிம்பில் அலைக்கறை விடும். நீர்க்க வேண்டுமானால் கான்ட்ராஸ்ட் மீடியம் (நிறமி இல்லாத அதே திரவம்) மட்டுமே. முதல் நாளிலேயே ஒரு டப்பா மீடியம் வாங்கிவிடுங்கள். நிறங்களைவிட அது சீக்கிரம் தீரும்.

எட்டு உருவம் கொண்ட வரிசையாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நிறத்தை எட்டிலும் முடித்த பிறகே அடுத்த நிறத்துக்குப் போவது வசதி. எட்டாவது முடியும்போது முதலாவதில் ஆடை கட்டியிருக்கும். அதற்கு மேல் சேர்த்தால் முதல் உருவத்தின் தேக்கத்தைக் கவனிக்க முடியாது. எந்த நிறம் முதலில் என்பதற்கு விதி ஒன்றே: உள்ளேயிருந்து வெளியே, வெளிரிலிருந்து இருளுக்கு. தோலின் மேல் சிந்திய அடர்பழுப்பை எந்த வெளிர் கான்ட்ராஸ்டாலும் மூட முடியாது, மறுதலையாக முடியும். ஈரத்தில் சிந்தினால் நீர் தொட்ட பிரஷ்ஷால் தளர்த்தி டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். காய்ந்துவிட்டால் மேலே சொன்ன ரெய்த்போன் அல்லது கிரே சீர் டப்பாவால் இரண்டு மெல்லிய பூச்சு போட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசுங்கள். ஸ்பிரேயின் நிறமும் டப்பாவின் நிறமும் ஒத்துப்போவது இந்த வரிசையின் மிகப் பெரிய நடைமுறை வசதி. இதை விளம்பரத்தில் ஏன் பெரிதாகச் சொல்லவில்லை என்பது ஆச்சரியம்.

நிறங்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஸ்கெலிட்டன் ஹோர்ட் தனியாக நின்றே முழு வரிசையையும் நியாயப்படுத்தும். ரெய்த்போன் மேல் ஒரு பூச்சு, காய்ந்ததும் ரெய்த்போனால் லேசான டிரைபிரஷ், அவ்வளவுதான். எலும்புப் படை முடிந்தது. ஸ்னேக்பைட் லெதர் தோல்வார், பை, காலணி எல்லாவற்றுக்கும் போதும். வைல்ட்வுட் மரத்துக்கும் அடர்ந்த ரோமத்துக்கும் நன்று. கோர்-கிரண்டா ஃபர் செம்பழுப்பு. தாடிக்கும் விலங்கு ரோமத்துக்கும் பொருந்தும். மனிதத் தோலுக்கு கில்லிமேன் ஃப்ளெஷ் நல்லது என்றாலும் நேராகப் பூசினால் வெயிலில் சிவந்த முகம் போலாகும். மீடியத்தோடு சரிபாதி கலந்தால் அமைதியடையும். பச்சை நிற ஆர்க் ஃப்ளெஷ் தசை மிகுந்த உடல்களில் ஒரே பூச்சில் நிறைவாக விழும்.

மஞ்சளில் கவனம் வேண்டும். ஐயாண்டன் யெல்லோ ஆரஞ்சு பக்கம் சாயும். நாஸ்ட்ரெக் யெல்லோ கடுகுப் பழுப்பு. சுத்தமான மஞ்சள் வேண்டுமென்றால் 2022இல் வந்த இம்பீரியல் ஃபிஸ்ட். சாதாரண பெயிண்டில் மஞ்சள் எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு டப்பாவின் அருமை புரியும். பிளாக் டெம்ப்ளர் மிகக் கடுமையானது. நேராகப் பூசினால் வெறும் கருப்பாகி, நிழல் வெளிச்சம் இரண்டும் காணாமல் போகும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு மீடியம் சேருங்கள். அபாதிகரி ஒயிட்டும் ஸ்பேஸ் வுல்வ்ஸ் கிரேயும் அலைக்கறை விடுவதில் முன்னணி. இரண்டையும் முழுப் பரப்பில் பூசாமல், மீடியத்தில் நீர்த்து மடிப்புகளில் மட்டும் ஓடவிட்டால் நன்றாக இருக்கும். அல்ட்ராமரீன்ஸ் ப்ளூ துணியில் அழகு, தகட்டில் திட்டு.

தகடு என்றதும் முக்கியக் குறைக்கு வந்துவிட்டோம். கால், தோள், மார்பு என்று பிரிந்திருக்கும் காலாட்படைக் கவசம் நடுத்தரம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பூசி, தேக்கத்தை உறிஞ்சினால் மூன்றடி தூரத்தில் நன்றாகவே தெரியும். டாங்கியின் பக்கச்சுவர் போன்ற பரப்பு வேறு கதை. அதைக் கிடையாக வைத்து, மீடியத்தோடு சரிபாதி கலந்து, அகலமான தட்டைப் பிரஷ்ஷால் ஒரே திசையில் இரண்டு மெல்லிய பூச்சு போட்டால் திட்டு குறையும், மறையாது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) இருந்தால் 20 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லிய படலங்களாக அடிக்கலாம்; அதில் இந்தப் பெயிண்ட் வழவழப்பான கண்ணாடிச் சாயம் போல நடந்துகொள்ளும். முன்பே மேலிருந்து வெள்ளை அடித்து நிழல் வைத்திருந்தால் விளைவு மிக நேர்த்தி. ஏர்பிரஷ் இல்லையென்றால் வாகனங்களுக்குச் சாதாரண பேஸ் பெயிண்ட் அல்லது நிற ஸ்பிரே போட்டுவிட்டு, கான்ட்ராஸ்டைக் கயிறு, பை, ஓட்டுநரின் முகம் என்று சிறு பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திட்டு விழுந்துவிட்டால், ஸ்பாஞ்சு துண்டால் விளிம்புகளில் அடர்பழுப்பைத் தொட்டுத் தொட்டுப் பெயிண்ட் உரிந்தது போல் காட்டுவது கண்ணைத் திசைதிருப்பும்.

உலோகத்துக்கு லெட்பெல்ச்சர் என்ற உலோக நிறப் பெயிண்டைப் பூசி, அதன் மேல் நல்ன் ஆயில் ஷேட் போதும். பாசிலிகானம் கிரே கான்ட்ராஸ்டும் அதே வேலையைச் செய்யும். உலோகப் பெயிண்டைக் கடைசியில் பூசுங்கள், அதற்குத் தனி நீர்க் குவளை வையுங்கள். அதே நீரில் பிரஷ் கழுவினால் மினுக்குத் துகள்கள் அடுத்த கான்ட்ராஸ்ட் பூச்சில் ஏறி, மேலங்கி முழுக்க மின்னும்.

அடுத்தது, பலரும் தாமதமாகக் கண்டுபிடிக்கும் குறை: காய்ந்த கான்ட்ராஸ்ட் விரல் படும் மேடுகளில் தேய்ந்து போகும். முனையில் படலம் மெல்லியது என்பதால் நாலு ஆட்டத்திலேயே மூக்கும் முழங்காலும் வாள்முனையும் வெளுத்து பிரைமர் எட்டிப்பார்க்கும். எனவே வார்னிஷ் இங்கே விருப்பத்தைப் பொறுத்ததல்ல. வேலை நடக்கும்போதும் உருவத்தைக் கையால் பிடிக்காமல், கார்க்கில் அல்லது காலி டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்துப் பூசுங்கள். வார்னிஷ் அடிக்கும் முன் ஒரு முழு நாள் காயவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் பனி போலப் பூத்துவிடும். பூத்துவிட்டால் பதறாமல், உலர்ந்த நாளில் மேலே ஒரு கிளாஸ் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். அதன் மேல் மறுபடி மேட். ஈரப்பதம் குறையாத பருவத்தில் பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷ் பாதுகாப்பு.

போட்டியாளர்களையும் பார்த்துவிடுவோம். டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் 2022இல் ஸ்பீட்பெயிண்ட் வரிசையைக் கொண்டுவந்தது. நிறமும் வழிதலும் நன்றாக இருந்தும், காய்ந்த பிறகு மேலே ஈரமான பெயிண்ட் பட்டால் அடிப்பூச்சு மறுபடி கரைந்து கலந்தது. சிவப்பின் மேல் வெள்ளை விளிம்பு போட்டால் அது இளஞ்சிவப்பாகிவிடும் என்ற நிலை. 2023இல் வந்த ஸ்பீட்பெயிண்ட் 2.0 அதைத் தீர்த்துவிட்டது, நிறங்களும் 90 ஆகப் பெருகின. பழைய பாட்டில்கள் கைமாறி விற்பனைக்கு வருவதுண்டு, 2.0 என்று உறுதிசெய்த பிறகு வாங்குங்கள். பழையதை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், பூசிக் காய்ந்ததும் ஸ்பிரே வார்னிஷ் ஒன்று அடித்து அடைத்துவிட்டு, அதன் மேல் மற்ற வேலைகளைச் செய்யலாம். ஸ்பெயினின் வல்லேஹோ தரும் எக்ஸ்பிரஸ் கலர் மெதுவாகக் காய்கிறது. தேக்கத்தைத் திருத்தக் கூடுதல் நேரம் கிடைப்பதால் புதியவர்களுக்கு இதுதான் மன்னிக்கும் குணமுள்ளது. தட்டைப் பரப்பிலும் கான்ட்ராஸ்டைவிடச் சீராக விழும். ஆனால் மேடு பள்ள வேறுபாடு சற்று மென்மை. எலும்பிலும் ரோமத்திலும் கான்ட்ராஸ்ட் தரும் வெட்டு இதில் வராது.

மற்ற இரண்டும் சொட்டு பாட்டிலில் வருகின்றன. சிட்டடெல் இன்னும் மடக்கு மூடி டப்பாவிலேயே நிற்கிறது. இது உண்மையான குறை. எளிதில் வழியும் பெயிண்ட் என்பதால் டப்பா சாய்ந்தால் நொடியில் காலியாகும். மூடியின் விளிம்பில் காய்ந்த படலம் சேர்ந்தால் இறுக மூடாது, சில மாதங்களில் உள்ளே கெட்டியாகிவிடும். ஒவ்வொரு முறையும் விளிம்பைத் துடைத்து மூடுங்கள். கனமான டப்பாத் தாங்கி ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மேலங்கிகளுக்குத் தேவையானதைப் பலகையில் தனியே ஊற்றி எடுத்தால் டப்பாவும் அழுக்காகாது, மீடியம் கலக்கும் விகிதமும் கைக்கு வரும். அந்தக் கலவைக்கு ஈரப் பலகை (அடியில் நனைந்த ஸ்பாஞ்சு வைத்த கலவைத் தட்டு) வேண்டாம். அடியிலிருந்து நீர் ஏறி, மேலே சொன்ன அலைக்கறைக்கு வழிவைக்கும். பீங்கான் அல்லது பிளாஸ்டிக் குழித்தட்டுதான் சரி.

ஏறக்குறைய 28 மி.மீ. உயர அளவில் நாற்பது பேர் கொண்ட ஓர் எலும்புப் படைக்கோ ஆர்க் படைக்கோ என்ன வாங்குவது? ரெய்த்போன் ஸ்பிரே ஒன்று, அதே நிறத்தில் டப்பா ஒன்று. உடலுக்கான நிறம் இரண்டு டப்பா, ஏனென்றால் தாராளமாக நனைத்துப் பூசும் பெயிண்ட் இது, சாதாரண பெயிண்டைவிட வேகமாகத் தீரும். பாதிப் படையில் தீர்ந்து கடையில் இருப்பு இல்லாமல் போனால் வேலை நின்றுவிடும். துணிக்கு ஒரு நிறம், ஸ்னேக்பைட் லெதர், வைல்ட்வுட், மீடியம், லெட்பெல்ச்சர், நல்ன் ஆயில், மேட் வார்னிஷ். பெரிய தொகுப்புப் பெட்டிகளை முதலில் வாங்க வேண்டாம். பாதி நிறங்கள் திறக்கப்படாமலேயே இருக்கும். இந்தப் பட்டியலில் துணி நிறத்தை மட்டும் நிறுத்திவைத்து மற்றவற்றை வாங்கி, ஒரே ஒரு சிப்பாயைத் துணி தவிர வார்னிஷ் வரை முடித்து, இரண்டு ஆட்டத்தில் கையாண்டு பாருங்கள். முனைகள் தேயவில்லை, மடிப்புகளில் கறை இல்லை என்றால் அதற்கேற்ற துணி நிறத்தைத் தேர்ந்தெடுத்து, மீதி முப்பத்தொன்பதையும் அதே வரிசையில் தொடங்கலாம்.